குழவி இல்லாத அம்மி

போன வருடம் மாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் ஒரு தோட்டம் வரும். அங்கே மூடிக் கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையையும், இடிந்த துரை பங்களாவையும், ஆறு வெள்ளைக்காரக் கல்லறைகளையும் சேர்த்து வேலி போட்டு, நினைவுப் பூங்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு வழி காட்டும் தொண்டர்களில் நானும் ஒருத்தி. சம்பளம் கிடையாது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேலங்கி தருவார்கள். மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சல்.

எனக்குக் கோபம் அதிகம். வாயும் அதிகம். குவைத்தில் பதினொரு வருடம் வீட்டு வேலை செய்தபோது அடக்கி வைத்ததையெல்லாம் ஊருக்குத் திரும்பி வந்து அவிழ்த்து விட்டேன் என்று என் மகள் சொல்வாள். இந்தப் பூங்காவில் சேர்ந்ததே ஒரு சண்டையால்தான். திறந்த புதிதில் சும்மா பார்க்கப் போயிருந்தேன். டவுனிலிருந்து வந்த வழிகாட்டி ஒருவர் ஆறு கல்லறைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். இந்தத் துரை குதிரையிலிருந்து விழுந்து செத்தார், இந்தத் துரைசாணி காய்ச்சலில் செத்தார் என்று ஒப்பித்துக்கொண்டே வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப நம்ம ஆளுங்க யாரும் இங்க சாகவே இல்லையா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

கூட்டம் சிரித்தது. வழிகாட்டியின் முகம் சுருங்கியது. பொறுப்பாளர் ஒரு சிங்களவர், கினிகத்தேனைக்காரர், தமிழ் ஓரளவு பேசுவார். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அப்ப நீங்க வந்து சொல்லுங்க அக்கா. எங்களுக்கு யாரும் சொல்லித் தரல்லதானே" என்றார்.

அடுத்த சனிக்கிழமையே போய்விட்டேன். அன்றிலிருந்து வருகிறவர்களிடம் தோட்டத்தில் உழைத்த நம் ஆட்களைப் பற்றித்தான் பேசுவேன். லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் எட்டுப் பேர் படுத்தது, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தது, அட்டைக்கடி, மழை, எல்லாம். துரைமாரைப் பற்றிக் கேட்டால் முகத்தில் அடித்தாற்போல் ஏதாவது சொல்வேன். சிலருக்கு அது பிடிக்கும். சிலர் புகார் எழுதிவிட்டுப் போவார்கள்.

நடந்ததைச் சொல்வதற்கு முன், அதற்கு ஒரு மாதம் முன்பு நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும்.

பங்களாவின் இடிந்த மதிலுக்குக் கீழே ஒரு சரிவு இருக்கிறது. அங்கே நின்றால் நீர்த்தேக்கம் முழுவதும் தெரியும். வருகிறவர்கள் எல்லாரும் படம் எடுக்க அங்கேதான் போவார்கள். சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் வரும் காலம் என்பதால் கூட்டமும் அதிகம். அங்கே ஒரு பெஞ்சு போடலாம் என்று முடிவானது. ஆள் உயரத்துக்கு மானாப்புல் மண்டிக் கிடந்தது. நாங்கள் மூன்று தொண்டர்கள் அதைச் செதுக்கினோம். உள்ளே மூன்று செடிகள் நின்றன. சிவப்பு இலைச் செடிகள். ஒரே அளவு இடைவெளி விட்டு, நூல் பிடித்து நட்டது போல நேர் வரிசை.

"அது இருக்கட்டும் அக்கா. லஸ்ஸனய்தானே" என்றார் பொறுப்பாளர். அழகாக இருக்கிறதே, விட்டுவிடுங்கள் என்கிறார்.

"தொரையோட பூந்தோட்டம். நம்ம ஆளுங்க கால் வைக்க முடியாத எடம். இத எதுக்கு வச்சுக் கும்புடணும்?" என்று நான் கடப்பாரையை, எங்கள் பேச்சில் அலவாங்கை, எடுத்தேன்.

அவர் வேண்டாம் என்று இன்னொரு முறை சொன்னார். நான் கேட்கவில்லை. குத்திப் பிடுங்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. முதல் இரண்டும் எளிதாக வந்தன. நடுச்செடியின் வேர் மட்டும் எதையோ கவ்விப் பிடித்திருந்தது. அலவாங்கு கல்லில் மோதியது. மண்ணை ஒதுக்கினால் ஒரு அம்மிக்கல், முகம் மேலே பார்க்கக் கிடந்தது.

"பாருங்கடி, தொரையும் சம்பல் அரைச்சுத் தின்னுருக்காரு" என்றாள் கூட நின்றவள். எல்லாரும் சிரித்தோம்.

செடிகளைத் தொழிற்சாலைக்குப் பின்னால் குப்பைக் குழியில் எறிந்தோம். சரிவைத் தட்டிச் சமப்படுத்தி பெஞ்சு போட்டோம். அம்மியைக் கழுவி, காட்சிச்சாலையில் ஒரு மேசையில் வைத்தோம். நான் சொல்லச் சொல்லப் பொறுப்பாளர் ஓர் அட்டையில் மூன்று மொழியிலும் எழுதினார்: 'துரை பங்களாவின் சமையலறை அம்மி.' அது துரை வீட்டு அம்மிதான் என்று எப்படித் தெரியும் என யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இனி அந்தச் சனிக்கிழமை.

பத்து மணி இருக்கும். ஒரு ஆட்டோவில் ஒருவர் வந்து இறங்கினார். அறுபது வயதுக்கு மேல். வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு துணிப்பை. தமிழ்நாட்டிலிருந்து கோயில் சுற்றுலா வந்தவர். கூட வந்தவர்கள் இறம்பொடை அனுமார் கோயிலுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் பிரிந்து இங்கே வந்திருக்கிறார். பின்னேரம் ஹட்டனில் அவர்களோடு சேர்ந்துகொள்ள வேண்டும்.

"பங்களா பக்கம் போகணும் தங்கச்சி. வேற ஒண்ணும் பாக்க வேணாம்" என்றார்.

"அப்பிடித் தனியா விட முடியாதுண்ணே. வழுக்கி விழுந்தா நாங்கதான் பதில் சொல்லணும். மொதல்ல காட்சிச்சாலை, அப்புறம் தேயிலை ஸ்டோர், கடைசியிலதான் பங்களா. இந்தியாவுல இருந்து இவ்வளவு தூரம் வந்துட்டு நம்ம ஆளுங்க பட்ட பாட்டப் பாக்காமப் போறதா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். லயக் காம்பரா எப்படி இருக்கும் என்று விளக்கினேன். பெரட்டு என்றால் என்ன என்று விளக்கினேன். கொழுந்துக் கூடையைத் தலையில் எப்படி மாட்டுவது என்று செய்தே காட்டினேன். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை போல எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நடுவில் ஒரு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

அம்மி இருந்த மேசைக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். அந்த அம்மியின் ஓரத்தில் பிறை போல ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். அதில் கட்டைவிரலை வைத்தார். தொடாதீர்கள் என்று எழுதிப் போட்டிருக்கிறோம். நான் அதைச் சொல்லாமல் என் வழக்கமான கதையை ஆரம்பித்தேன். எல்லாரையும் சிரிக்க வைக்கும் கதை அது.

"குழவியக் காணோமேன்னு பாக்குறீங்களாண்ணே? தொரை சீமைக்குப் போறப்ப மறக்காம எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அங்க தொரைசாணி சட்னி அரைக்கணும்ல."

அவர் சிரிக்கவில்லை.

"குழவி கூடலூர்ல இருக்கு" என்றார்.

"என்னண்ணே?"

"எங்க அம்மாகிட்ட இருக்கு. தலைமன்னார்ல கப்பல் ஏறுறப்ப மடியில வச்சுக்கிட்டு வந்தாங்க."

எனக்கு அப்போதும் புரியவில்லை. ஆள் கொஞ்சம் ஒரு மாதிரியோ என்றுகூட நினைத்தேன். அவர் அம்மியிலிருந்து கையை எடுக்காமலே, இது எங்கே இருந்தது என்று கேட்டார்.

என் வாய்தான் எப்போதும் எனக்கு முன்னால் போகுமே. "பங்களா மதிலுக்குக் கீழண்ணே. செவப்புச் செடி மூணு நின்னுச்சு, தொரையோட தோட்டம். நான்தான் புடுங்கிப் போட்டேன். அடியில இது கெடந்துச்சு" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். மயக்கமோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தேன். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல் அவர் சொல்லத் தொடங்கினார்.

அவர் பிறந்தது இந்தத் தோட்டத்தில்தான்; பிறகுதான் குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா பங்களாவில் தோட்ட வேலை. இவருக்குப் பத்து வயதாக இருக்கும்போது தங்கை, ஒன்றரை வயதுக் குழந்தை, காய்ச்சலில் இரண்டு நாளில் போய்விட்டது. அடைமழைக் காலம். சுடுகாட்டுக்குப் போகிற வழியில் ஆற்றில் வெள்ளம். கடக்க முடியவில்லை. துரையும் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் அப்பா பிள்ளையைப் பங்களா மதிலுக்குக் கீழே அடக்கம் செய்திருக்கிறார். நாயோ பன்றியோ தோண்டிவிடக் கூடாது என்று அம்மா தன் அம்மியைக் கொடுத்திருக்கிறார், மேலே வைத்து மூட.

"அதுக்கப்புறம் இந்தியா போற வரைக்கும் எங்க வீட்டுல அம்மி கெடையாது. பக்கத்துக் காம்பராவுலதான் அம்மா அரைப்பாங்க, நம்ம குழவியக் கொண்டுபோய்" என்றார்.

"செடி?" என்று கேட்டேன்.

"தொரை திரும்பி வந்து பாத்தா தோண்டி எடுக்கச் சொல்லிருவாரோன்னு அப்பாவுக்குப் பயம். பங்களாத் தோட்டத்துலயே மூணு கொம்பு ஒடைச்சு, அளவு பாத்து வரிசையா நட்டாரு. தோட்டம்னு நெனச்சா யாரும் தோண்ட மாட்டாங்கன்னாரு. தொரை வந்து பாத்துட்டு, நல்லா இருக்குன்னு சொன்னாராம்."

துரையை ஏமாற்றுவதற்காக நட்ட செடி. அந்தத் துரை ஏமாந்தார். அவருக்குப் பிறகு வந்த துரைமாரும் ஏமாந்திருக்க வேண்டும். அதனால்தான் இத்தனை வருடம் அது நின்றது. கடைசியில் அலவாங்கை எடுத்துக்கொண்டு போய்த் தோண்டியது யார்? நம் ஆட்களின் கதையைச் சொல்வதற்கென்றே சண்டை போட்டு வந்து சேர்ந்த நான்.

ஒரு மாதமாக எத்தனை பேரிடம் அந்தச் சட்னிக் கதையைச் சொல்லியிருப்பேன்! எத்தனை பேர் அந்த அம்மியோடு நின்று படம் எடுத்திருப்பார்கள்!

அவர் துணிப்பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். அம்மா கூடலூரில் படுத்த படுக்கை. இனி எழும்ப மாட்டார் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. பிள்ளை கிடக்கிற இடத்திலிருந்து ஒரு பிடி மண். தன்னை அடக்கம் செய்யும்போது அதையும் கூடப் போட வேண்டும். அதற்காகத்தான் அவர் கோயில் சுற்றுலாவில் பெயர் கொடுத்து வந்திருக்கிறார்.

"இப்ப எடம் தெரியுமா தங்கச்சி?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. மதிலில் மழைத்தண்ணீர் விழும் பீலி ஒன்று உடைந்து தொங்கும். அதற்கு நேர் கீழே, நாலு எட்டு தள்ளி. என் கையால் பிடுங்கியதால் எனக்குத் தெரியும். இவ்வளவு துல்லியமாக வேறு யாருக்கும் தெரியாது.

கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பெஞ்சில் ஒரு புதுத் தம்பதி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எழும்பச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். ஊருக்குத் திரும்பி வந்தபின் முதல் முறையாக என்னால் சத்தம் போட முடியவில்லை. கையால் மட்டும் காட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பிப் போனார்கள்.

அப்போது அவருடைய கைபேசி அடித்தது. கூடலூரிலிருந்து வீடியோவில். யாரோ கைபேசியை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்கள். எலும்பும் தோலுமாக ஒரு முகம். குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"சாமி, போயிட்டியா? செடி இருக்கா? காட்டு பாப்போம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. நீர்த்தேக்கத்தில் போகிற படகுகூடத் தெளிவாகத் தெரிந்தது.

"ஒரே பனிம்மா. மூடிக் கெடக்கு, ஒண்ணும் தெரியல" என்றார் அவர். கைபேசியைச் சட்டென்று என் முகத்துக்கு நேரே, மிகக் கிட்டத்தில் பிடித்தார். "செடி இருக்கும்மா. ஆள் ஒசரத்துக்கு வளந்திருக்கு. இந்தத் தங்கச்சிதான் பாத்துக்கிறாங்க."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். குவைத்தில் அதெல்லாம் பழக்கம்தான். இதை என்னால் தாங்க முடியவில்லை.

"நீதானா தாயி?" என்றார் அந்த அம்மா. "நல்லா இருப்ப. தண்ணி ரொம்ப ஊத்தாத, வேர் அழுகிரும். மழையே போதும் அதுக்கு."

"சரிங்கம்மா" என்றேன்.

அழைப்பு முடிந்ததும் பொறுப்பாளரிடம் ஓடினேன். சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அம்மியைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்றேன். காட்சிப் பொருள் பட்டியலில் ஏற்றியாயிற்று, மேலிடத்துக் கடிதம் இல்லாமல் எடுக்க முடியாது என்று தொடங்கினார். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே, "சரி அக்கா, கடிதம் பிறகு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, அட்டையைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அம்மியின் ஒரு முனையைப் பிடித்தார்.

இன்னும் இரண்டு தொண்டர்களைக் கூப்பிட்டுப் பெஞ்சை நகர்த்தினோம். நான் மண்வெட்டியால் மேல் மண்ணை மெல்லச் சீவினேன். ஒரு மாதம் முன்பு அலவாங்கு குத்திய குழிகளின் தடம் அடியில் இருந்தது. அறுந்த வேர்கள் வெள்ளையாகத் தெரிந்தன. மண் எடுக்க வந்தவர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முழங்காலிட்டு, நடுக்குழியிலிருந்து கையால் மண் அள்ளி டப்பாவில் போட்டார். அம்மியை நாங்கள் நாலு பேர் பழைய இடத்தில் இறக்கினோம். அவர் அதன் மேல் கற்பூரம் ஏற்றினார். அழவில்லை. நான்தான் அழுதேன். அழ எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற கோபத்திலும் அழுதேன்.

அவர் போகும்போது ஆட்டோவரைக்கும் கூடப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்கு அது வராது. தட்டுத்தடுமாறி, "அண்ணே, நான் தெரியாம..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியக் கூடாதுன்னுதானே தங்கச்சி நட்டாரு" என்றார். ஆட்டோவில் ஏறிய பிறகு திரும்பி, "அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன். அத மட்டும் நீங்க பாத்துக்கங்க" என்றார்.

அன்று மத்தியானச் சோற்றைத் தொடாமல் குப்பைக் குழிக்குப் போனேன். கிளறிப் பார்த்தேன். இரண்டு செடி காய்ந்து கருகிக் கிடந்தன. ஒன்றில் மட்டும் தண்டின் ஓரத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு சிவப்புத் துளிர் இருந்தது. அந்தத் தண்டை மூன்றாக வெட்டி, நூல் பிடித்து, அதே குழிகளில் நட்டேன். ஒன்று பட்டுப்போயிற்று. இரண்டு பிடித்துக்கொண்டன. பெஞ்சு இப்போது பத்தடி தள்ளி இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் நீர்த்தேக்கம் பாதிதான் தெரியும். அதற்கும் புகார் எழுதுகிறார்கள். எழுதட்டும்.

ஆவணி மாதம் கூடலூரிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "அம்மா போயிட்டாங்க தங்கச்சி. மண்ணக் கூடப் போட்டுட்டோம். குழவியையும் அவங்க பக்கத்துலயே வச்சுட்டோம்." அவ்வளவுதான். அதை நான் எத்தனை முறை கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

இன்றும் சனிக்கிழமைகளில் போகிறேன். இன்றும் வாய் குறையவில்லை. ஆனால் அந்த இரண்டு செடிகளுக்குப் பக்கத்தில் போகும்போது மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. துரைமார் மேல் எனக்கு இருந்த கோபம் பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்துக்குள்ளே, அழகாக ஒன்று வரிசையாக நின்றால் அது துரை வைத்ததாகத்தான் இருக்கும், நம் ஆள் ஒருவர் நட்டிருக்கவே மாட்டார் என்ற நினைப்பும் இந்த ஐம்பத்து மூன்று வயதுவரை எனக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறது. செடியை மறுபடியும் நட்டுவிட்டேன், ஆனால் அந்த வெட்கத்தை மட்டும் என்னால் இன்னும் பிடுங்கிப் போட முடியவில்லை.